கையெழுத்துக்கு முன்

2017 மார்ச் மாதத்தின் பின்பாதியில் அமெரிக்காவின் பல வீடுகளில் தொலைபேசி ஒலித்தது. அழைத்தது அந்நாட்டு ஹாக்கியை நிர்வகிக்கும் யுஎஸ்ஏ ஹாக்கி என்ற அமைப்பு. எடுத்தவர்களில் கல்லூரி அணிகளில் ஆடும் பெண்கள் இருந்தார்கள், ஆட்டத்தை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டவர்கள் இருந்தார்கள், பள்ளி மாணவிகள்கூட இருந்தார்கள். கேள்வி ஒன்றுதான். மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத் நகரில் மார்ச் 31 அன்று உலகச் சாம்பியன்ஷிப் தொடங்குகிறது, தேசிய அணிக்கு ஆட வருகிறீர்களா? சிறுவயதில் ஸ்கேட்ஸ் மாட்டிய நாள் முதல் அந்தச் சட்டையை அணிவதற்காகவே ஆடி வந்தவர்கள் அவர்கள். ஒருவர் பின் ஒருவராக, வரவில்லை என்றார்கள்.

உண்மையான தேசிய அணி வேலைநிறுத்தத்தில் இருந்தது. நியாயமான ஒப்பந்தம் இல்லாமல் சொந்த மண்ணில் நடக்கும் உலகப் போட்டியில் ஆடமாட்டோம் என்று மார்ச் 15 அன்று அவர்கள் அறிவித்திருந்தார்கள். வெற்றிடத்தை நிரப்ப ஆள் தேடியது நிர்வாகம். ஆள் கிடைக்கவில்லை.

எத்தனையோ வேலைநிறுத்தங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். மாற்று ஆள் கிடைக்காத வேலைநிறுத்தம் அபூர்வம். எப்படி நடந்தது என்று தேடிப் போனபோது கதை அறுபது வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போனது, அதுவும் ஆண்களிடம். நமக்கு ஹாக்கி என்றால் புல்தரையும் தயான்சந்தும்தான். இங்கே நான் சொல்வது பனித்தளத்தில், ரப்பர் வட்டை அடித்து ஆடும் ஐஸ் ஹாக்கி. கனடாவில் அது நம் ஊர்க் கிரிக்கெட்டைப் போல.

1917இல் மாண்ட்ரியல் நகரில் தேசிய ஹாக்கி லீக் தொடங்கப்பட்டது. 1942 முதல் 1967 வரை அதில் ஆறே அணிகள்தான். அக்காலத்து வீரர் ஒருவர் அணியுடன் போடும் ஒப்பந்தம் அச்சடித்து வைத்த ஒரு படிவம். காலம் ஓராண்டு என்றிருக்கும். ஆனால் அந்த ஓராண்டு முடிந்ததும் அவரை மறுபடி அமர்த்திக்கொள்ளும் உரிமை அணிக்கே உண்டு என்று ஒரு பிரிவு உள்ளே இருக்கும். அமர்த்திக்கொண்டால் அந்தப் புதிய ஒப்பந்தத்திலும் அதே பிரிவு. எனவே ஓராண்டு என்பது முடிவில்லாத ஆண்டு. வீரர் வேறு அணிக்குப் போக முடியாது. அணி மட்டும் அவரை வேறு அணிக்கு மாற்றலாம், கீழ்நிலை லீகுக்கு அனுப்பலாம், விடுவிக்கலாம். சம்பளப் பேச்சு என்பது மேலாளரின் அறைக்குள் வீரர் தனியாகப் போய் உட்காருவது. முகவர் கிடையாது. பக்கத்து வீரருக்கு என்ன சம்பளம் என்று தெரியாது, கேட்பது மரியாதையும் அல்ல. பண்ணையாள் முறையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வரும். ஒப்பீடு அதிகப்படிதான். பட்டினி கிடந்தவர்கள் அல்ல அவர்கள். ஆனால் கட்டிப்போடும் கயிற்றின் முடிச்சு ஒரே மாதிரி.

டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் கோர்டி ஹோவ் அக்காலத்தின் மிகப் பெரிய வீரர். 1946இல் அவர் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது கூடுதலாகக் கேட்டது ஒரு ஜாக்கெட். அணியின் பெயர் பொறித்த ஜாக்கெட். அதையும் உடனே கொடுக்கவில்லை. லீகிலேயே உனக்குத்தான் அதிகச் சம்பளம் என்று நிர்வாகம் ஆண்டாண்டாகச் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தார். 1960களின் பிற்பகுதியில் அவர் அணிக்கு வந்து சேர்ந்த பாப் பான் என்ற சக வீரர் தன் சம்பளத்தைச் சொன்னபோதுதான் அது பொய் என்று தெரிந்தது. சம்பளத்தை வெளியே சொல்லாதே என்ற நாகரிகம் யாருக்கு நன்மை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அதே அணியில் ஆடிய டெட் லின்ட்ஸே இதை முன்பே கண்டுகொண்டார். வீரர்களின் ஓய்வூதிய நிதிக் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்டபோது முதலாளிகள் காட்டவில்லை. 1957 பிப்ரவரியில் அவரும் மாண்ட்ரியல் அணியின் டக் ஹார்வியும் மற்றவர்களும் சேர்ந்து வீரர் சங்கம் ஒன்றை அறிவித்தார்கள். ஏறத்தாழ எல்லா வீரர்களும் சேர்ந்துவிட்டார்கள். லின்ட்ஸே அந்தப் பருவத்தில் புள்ளிப் பட்டியலில் இரண்டாமிடம். அவரை அணியின் மேலாளர் ஜாக் ஆடம்ஸ் அந்தக் கோடையிலேயே சிகாகோ அணிக்கு மாற்றினார். சிகாகோ அப்போது கடைசி இடத்தில் கிடந்த அணி. லின்ட்ஸே பேராசைக்காரர் என்று காட்ட அவருடைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லிப் பத்திரிகையாளர்களிடம் பொய்க் கணக்கும் பரப்பப்பட்டது. நவம்பரில் டெட்ராய்ட் வீரர்கள் சங்கத்திலிருந்து விலகினார்கள். லின்ட்ஸேயோடு ஒரே அறையில் உடை மாற்றியவர்கள். சங்கம் சரிந்தது.

ஹாக்கி வரலாற்று நூல்களில் லின்ட்ஸேயின் இந்தக் கதை கட்டாயம் இருக்கும். இன்னொரு கதை பெரும்பாலும் அடிக்குறிப்பில் இருக்கும். 1966இல் அவரை ஹாக்கி புகழவைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். விருந்து ஆண்களுக்கு மட்டும். மனைவியும் பிள்ளைகளும் வரக்கூடாதென்றால் நானும் வரவில்லை என்று அவர் போகவே இல்லை. பிறகு விதியை மாற்றினார்கள். சங்கம் கட்டியதால் தண்டனை பெற்றவருக்குத்தான், கொண்டாட்ட மேசையில் யாருக்கு நாற்காலி இல்லை என்பது கண்ணில் பட்டிருக்கிறது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஆண்களின் ஒப்பந்த வரலாற்றுக்குள் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று பார்த்தால், மேசைக்கு மிக அருகில் இருந்திருக்கிறார்கள். கோர்டி ஹோவின் மனைவி காலீன் ஹோவ் வீட்டு வரவுசெலவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கணவரை நிர்வாகம் எவ்வளவு மலிவாக வாங்கியிருக்கிறது என்பதை அறிந்தபின் பேச்சுவார்த்தையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். 1973இல் ஓய்விலிருந்து திரும்பிய 45 வயதுக் கணவரும் மார்க், மார்ட்டி என்ற இரு மகன்களும் புதிய போட்டி லீகின் ஹூஸ்டன் அணிக்குச் சேர்ந்து ஆடப் போனதில் அவர் பங்கு பெரிது. விளையாட்டு உலகின் முதல் பெண் முகவர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். கணவரின் பட்டப்பெயரான மிஸ்டர் ஹாக்கி என்பதையும் தனக்கான மிஸஸ் ஹாக்கி என்பதையும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்து வைத்தவரும் அவரே. மிஸஸ் என்ற ஒட்டுச் சொல்லையும் காசாக்கத் தெரிந்த பெண். அவரைப் பற்றி எழுதியவர்கள் பலருக்கு அவர் 'கறாரானவர்'. அதே வேலையைச் செய்த ஆண் முகவர்களுக்கு அந்த அடைமொழி தேவைப்பட்டதில்லை.

1967இல் வீரர் சங்கம் மறுபடி எழுந்தது. இம்முறை தலைமையில் ஆலன் ஈகிள்சன் என்ற வழக்கறிஞர். சங்கத்தின் தலைவர் அவர், தனித்தனி வீரர்களின் முகவரும் அவர், சர்வதேசப் போட்டிகளை நடத்தியவரும் அவர். மேசையின் எல்லாப் பக்கத்திலும் ஒரே மனிதர். பாபி ஓர் என்ற மாபெரும் வீரர் 1976இல் பாஸ்டனை விட்டுப் போனார். அணியின் பங்குரிமையில் 18.5 சதவீதம் தர பாஸ்டன் முன்வந்ததைத் தன் முகவர் ஈகிள்சன் தன்னிடம் சொல்லவே இல்லை என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஓய்வு பெற்ற கார்ல் புரூவர் என்ற வீரர் தன் ஓய்வூதியம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து ஆவணங்களைத் தேடிப் படித்துக் கணக்கைப் பிரித்துப் பார்த்தவர் அவருடைய துணைவர் சூசன் ஃபாஸ்டர். ஓய்வூதிய நிதியின் உபரி வீரர்களுக்கே உரியது என்று 1992இல் ஒன்டாரியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998இல் ஈகிள்சன் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். லின்ட்ஸே கேட்டுக் கிடைக்காத அந்த ஓய்வூதியக் கணக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டபோது அதைத் திறந்த கைகளில் பாதி ஒரு பெண்ணுடையவை.

அந்தத் தீர்ப்பு வந்த அதே இலையுதிர் காலத்தில்தான், 1992 செப்டம்பர் 23 அன்று, மனோன் ரேயோம் என்ற இருபது வயது கோல்கீப்பர் டாம்பா அணிக்காக ஒரு முன்பருவ ஆட்டத்தில் இறங்கினார். தேசிய ஹாக்கி லீகின் ஆட்டம் ஒன்றில் ஆடிய முதல் பெண். ஒரு கட்டம் மட்டும் ஆடினார். ஒன்பது அடிகளில் ஏழைத் தடுத்தார். பிறகு அந்த அணியின் கீழ்நிலை அணியான அட்லாண்டாவோடு ஒப்பந்தம். விளம்பரத்துக்காகத்தான் அழைத்தோம் என்பதை அணித் தலைமை மறைக்கவும் இல்லை. அதனால் என்ன, ஆட வாய்ப்பு கிடைத்ததே என்று ரேயோம் எடுத்துக்கொண்டார். அவருக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் 'வாய்ப்பு கிடைத்ததே' என்ற அந்தச் சொற்றொடர் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பெண்கள் ஹாக்கியில் சம்பளத்துக்குப் பதிலாகப் புழங்கியது.

1998 நாகானோவில் ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முறையாகச் சேர்ந்தது. அமெரிக்கப் பெண்கள் தங்கம் வென்றார்கள். தொலைக்காட்சி, அட்டைப்படம், ஊர்வலம் எல்லாம் ஆயிற்று. பிறகு வீட்டுக்குப் போய் வேலை தேடினார்கள். கனடாவில் 2007இல் ஒரு பெண்கள் லீக் தொடங்கியது. பயணச் செலவைக் கொடுத்தது, சம்பளம் கொடுக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 2017இல்தான், ஒரு பருவத்துக்கு 2,000 முதல் 10,000 டாலர் வரை ஒரு தொகையைக் கொடுக்க ஆரம்பித்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் சம்பளம் அல்ல, ஸ்டைபெண்ட். நம் மொழியில் மதிப்பூதியம், ஊக்கத்தொகை என்றெல்லாம் சொல்கிறோமே, அது.

இந்தச் சொல்லை நான் அவ்வளவு எளிதாகத் தாண்டிப் போக முடியாது. ஒரு கல்லூரியில் பல ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராக இருந்தவள் நான். தமிழில் முனைவர் பட்டம், வாரம் முழுக்க வகுப்பு, விடைத்தாள், தேர்வுப் பணி. கோடையில் சம்பளமில்லை. சம்பளத்துக்கு முன்னால் கௌரவம் என்ற சொல் வந்து உட்கார்ந்தால் சம்பளம் பாதியாகும் என்பதை இலக்கணம் படித்த எனக்கு அந்தக் கல்லூரிதான் கற்றுக்கொடுத்தது. அங்கன்வாடியில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு மதிப்பூதியம். நள்ளிரவில் கர்ப்பிணியை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும் ஆஷா பணியாளர் ஏட்டில் தன்னார்வலர், அவருக்கு ஊக்கத்தொகை. ஊதியம் என்று சொன்னால் அதன் பின்னாலேயே ஊழியர் என்ற சொல் வந்துவிடும். ஊழியர் வந்தால் விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியம், சங்கம் என்று ஒரு படையே வரும். அதனால்தான் வாசலிலேயே சொல்லை நிறுத்திவிடுகிறார்கள்.

2015இல் அமெரிக்காவில் என்டபிள்யூஎச்எல் என்ற பெண்கள் லீக் நான்கு அணிகளோடு தொடங்கியது. வட அமெரிக்காவில் பெண்களுக்குச் சம்பளம் என்று சொல்லிச் சம்பளம் கொடுத்த முதல் ஹாக்கி லீக் அது. அணி ஒன்றுக்கு மொத்தம் 2,70,000 டாலர். ஒருவருக்குக் குறைந்தது 10,000. ஆடைகளில் தன் பெயர் போட்டு விற்றால் அதில் 15 சதவீதம். ஒப்பந்தம் கையில் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. இரண்டாம் பருவம் தொடங்கிய சில வாரங்களில், 2016 நவம்பரில், சம்பளத்தைப் பாதி வரை குறைத்துவிட்டார்கள். முதலீடு வரவில்லை என்பது காரணம். தனித்தனியாகப் போட்ட ஒப்பந்தம் எவ்வளவு மெல்லிய தாள் என்பது அந்த வீராங்கனைகளுக்கு ஒரே நாளில் விளங்கியது. சிலர் தேசிய அணியிலும் ஆடியவர்கள். நான்கு மாதம் கழித்து நடந்ததை இதைத் தவிர்த்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

இனி 2017 மார்ச்சுக்குத் திரும்பலாம்.

ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆறு மாதத்துக்கு மட்டும் மாதம் 1,000 டாலர் தருகிறீர்கள், நான்காண்டுச் சுழற்சியில் மீதிக் காலத்துக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றார்கள் வீராங்கனைகள். ஆண் சிறுவர்களுக்கான தேசிய வளர்ச்சித் திட்டத்துக்கு ஆண்டுக்கு 35 லட்சம் டாலர் செலவிடுகிறீர்கள், சிறுமிகளுக்கு அப்படி எதுவும் இல்லையே என்றும் கேட்டார்கள். இந்த இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். தங்கள் சம்பளத்தோடு நிறுத்தவில்லை. எங்களுக்குப் பின்னால் வரும் பெண்பிள்ளைகளுக்கு எத்தனை ஆட்டம், எத்தனை முகாம், எவ்வளவு விளம்பரம் என்பதையும் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார்கள். நிர்வாகத்தின் பதில் தெளிவாக இருந்தது: விளையாட்டாளர்களை வேலைக்கு அமர்த்துவது எங்கள் பணி அல்ல, அமர்த்தவும் மாட்டோம். அமெரிக்காவிலும் வாசலில் நிறுத்தப்பட்டது அதே சொல்தான்.

ஒரு வருடத்துக்கும் மேலாக மூடிய அறையில் பேச்சு நடந்து ஓய்ந்திருந்தது. வீராங்கனைகளுக்காகப் பாலார்ட் ஸ்பார் என்ற சட்ட நிறுவனத்தினர் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். அவர்கள் முன்பு அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணிக்காகவும் பேசியவர்கள். ஆனால் வெற்றியைத் தந்தது வழக்கறிஞர்களின் திறமை அல்ல என்பது என் எண்ணம். அணித் தலைவி மேகன் டக்கனும் மற்றவர்களும் அறிவிப்புக்கு முன்பே உட்கார்ந்து, தங்களுக்குப் பதிலாக யாரையெல்லாம் நிர்வாகம் அழைக்கும் என்று யோசித்தார்கள். கல்லூரி அணிகள், இளையோர் அணி, பழைய வீராங்கனைகள் என்று ஒவ்வொருவரிடமும் தாங்களே பேசினார்கள். என்ன கேட்கிறோம், ஏன் கேட்கிறோம், உனக்கு அழைப்பு வந்தால் என்ன இழப்பாய், எல்லாவற்றையும் சொன்னார்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்த அழைப்பு வாழ்நாளில் ஒருமுறை மட்டும் வருவதாக இருக்கலாம். அதைத் தெரிந்தேதான் மறுத்தார்கள். 1957இல் முதலாளிகளால் லின்ட்ஸேயைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சிகாகோவுக்கு அனுப்ப முடிந்தது. 2017இல் பிரித்தெடுக்க ஒரு நூல் முனைகூட நிர்வாகத்தின் கையில் சிக்கவில்லை.

ஆண்களின் ஹாக்கி, கூடைப்பந்து, பேஸ்பால் வீரர் சங்கங்கள் ஆதரவு தெரிவித்தன. செனட் உறுப்பினர்கள் பலர் கடிதம் எழுதினார்கள். மார்ச் 28 அன்று, போட்டிக்கு மூன்று நாள் முன்பு, நான்காண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. மாத உதவித்தொகை ஆண்டு முழுவதற்குமானது. எல்லாம் சேர்ந்தால் ஒரு வீராங்கனை ஆண்டுக்கு 70,000 டாலர் அளவில் ஈட்டலாம் என்று செய்திகள் வந்தன. பயணமும் காப்பீடும் ஆண்கள் அணிக்கு உள்ளபடியே. சிறுமிகளுக்கான திட்டங்களை வளர்க்க ஓர் ஆலோசனைக் குழு. பயிற்சியே இல்லாமல் பிளிமத்துக்குப் போனவர்கள் ஏப்ரல் 7 அன்று இறுதியாட்டத்தில் கனடாவைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றார்கள். கோல் அடித்தவர் ஹிலரி நைட். அடுத்த ஆண்டு பியோங்சாங்கில் ஒலிம்பிக் தங்கமும் கிடைத்தது. வெல்லாமல் போயிருந்தால் இந்த ஒப்பந்தத்தைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆண்கள் தோற்றால் பயிற்சியாளர் போவார், சம்பள உரிமை போகாது.

கத்தரிக்காய்க்கு நாலு ரூபாய் குறைத்து வாங்கி வரும் பெண்ணை நாம் கெட்டிக்காரி என்போம். சந்தையில் பேரம் பேசத் தெரியாதவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது என்றும் சொல்வோம். அதே பெண் தன் உழைப்புக்கு விலை சொல்லிப் பேரம் பேசினால் காசாசை பிடித்தவள். விளையாட்டில் இது இன்னும் கூர்மையாகிறது. ஆட்டத்தின் மீதான காதலுக்காக அல்லவா ஆடுகிறீர்கள் என்று கேட்பார்கள். காதல் என்ற சொல்லைக் காட்டிக் கூலி தராமல் விடுவது பெண்களுக்குப் புதிதல்ல, சமையலறையிலிருந்து தொடங்கியது அது. அந்தப் பதினைந்து நாட்களும் அமெரிக்க வீராங்கனைகள் இந்தக் கேள்விக்கு மன்னிப்புக் கேட்கும் குரலில் ஒருமுறைகூடப் பதில் சொல்லவில்லை.

இங்கே நம் நாட்டையும் ஒரு கணம் பார்த்துவிடலாம். 2024 அக்டோபரில் புதுதில்லியில் ஹாக்கி இந்தியா லீகுக்கான ஏலம் நடந்தது. பெண்களுக்கென்று தனி லீக் அப்போதுதான் முதன்முறை. ஆண்கள் அணி ஒவ்வொன்றும் 4 கோடி ரூபாய் செலவிடலாம், பெண்கள் அணி 2 கோடி. அதிக விலைக்குப் போன ஆண் ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம். அதிக விலைக்குப் போன பெண் உதிதா, 32 லட்சம். இடைவெளி ஒரு பக்கம் இருக்கட்டும். ஏலம் என்ற முறையில் ஆட்டக்காரருக்கு வாயே கிடையாது. அடிப்படை விலையைக் குறிப்பதோடு அவர் பேச்சு முடிந்தது. மேசையில் பேசுவது பணம் வைத்திருப்பவர்கள் மட்டும், அதுவும் தங்களுக்குள். எந்த ஊரில் ஆட வேண்டும் என்பதைக்கூட ஆட்டக்காரர் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். கிடைத்த தொகை பல குடும்பங்களின் நிலையை மாற்றியிருக்கும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதைப் பேச்சுவார்த்தை என்று சொல்ல மாட்டேன்.

2019 மார்ச் 31 அன்று, கோப்பை வழங்கிச் சில நாட்களே ஆன நிலையில், கனடாவின் பெண்கள் லீக் தன்னை மூடிக்கொள்வதாக அறிவித்தது. எஞ்சியது சம்பளத்தை வெட்டிய அமெரிக்க லீக். எல்லோரும் அதில் போய்ச் சேர்வார்கள் என்றுதான் எதிர்பார்க்கப்பட்டது. மே 2 அன்று இருநூறுக்கும் மேற்பட்ட வீராங்கனைகள் ஒரே நேரத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்: வாழ்வதற்குப் போதிய சம்பளமும் காப்பீடும் தரும் லீக் வரும்வரை வட அமெரிக்காவின் எந்த லீகிலும் ஆடமாட்டோம். அந்த ஆகஸ்ட்டில் சுவீடன் தேசிய அணிப் பெண்களும் முகாமைப் புறக்கணித்தார்கள். மறுப்புக்கும் தொற்று உண்டு.

இது பிளிமத்தைவிடக் கடினமான மறுப்பு. அங்கே பதினைந்து நாள், இங்கே நான்கு ஆண்டு. ஒரு விளையாட்டுப் பெண்ணின் உடலில் நான்கு ஆண்டு என்பது என்ன என்று நினைத்துப் பாருங்கள். சங்கமாகத் திரண்டு, ஊர் ஊராகக் காட்சி ஆட்டம் ஆடினார்கள். நடுவில் பெருந்தொற்றும் வந்தது. சிலருக்கு வயது தாண்டியது. சிலர் தாயானார்கள். அவர்கள் கேட்ட லீகில் ஒரு நாளும் ஆடாமலே விலகியவர்கள் உண்டு.

பில்லி ஜீன் கிங் இவர்களுக்கு ஆலோசகரானார். 1970இல் ஹூஸ்டனில், ஆண்களின் டென்னிஸ் பரிசுத் தொகைக்கும் பெண்களுடையதற்கும் இருந்த பள்ளத்தைக் கண்டித்து ஒன்பது பெண்கள் தனிப் போட்டி ஆடினார்கள். அதற்காக அவர்கள் கையெழுத்திட்டது ஒரு டாலர் ஒப்பந்தம். அந்த ஒன்பது பேரில் ஒருவர் கிங். தொகை ஒரு டாலராக இருந்தாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்பதை அறிந்தவர். 2023 ஜூன் கடைசியில் மார்க் வால்டர் என்ற முதலீட்டாளரும் கிங்கின் நிறுவனமும் சேர்ந்து போட்டி லீகை விலைக்கு வாங்கினார்கள். ஜூலை 2 அன்று வீராங்கனைகள் வாக்களித்து எட்டாண்டுக் கூட்டு ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். அன்று அந்த லீகுக்குப் பெயர் இல்லை. அணிகள் இல்லை. எந்த ஊரில் ஆட்டம் என்று தெரியாது. ஒப்பந்தம் மட்டும் இருந்தது. விளையாட்டு உலகில் எங்கும் லீக் முதலில் வரும், வீரர்கள் பல ஆண்டு அடிபட்டுச் சங்கம் வரும், கடைசியில் ஒப்பந்தம் வரும். ஆண்கள் ஹாக்கி இந்த வரிசையைக் கடக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. பெண்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள்.

ஒப்பந்தத்தின் உட்கூறுகளைப் பார்க்கலாம், மாணவிகள் இதைப் படிப்பதால் சற்று விரிவாகவே. குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர். அந்தக் குறைந்த தொகையில் ஓர் அணி ஒன்பது பேருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆறு பேருக்காவது 80,000 அல்லது அதற்கு மேல் மூன்றாண்டு ஒப்பந்தம் தர வேண்டும். அணியின் சராசரி 55,000. ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு. வீட்டு வாடகைக்கு மாதம் 1,500. மருத்துவக் காப்பீடு, கர்ப்பகாலப் பயன்கள், பெற்றோர் விடுப்பு. ஒன்பது பேருக்கு மேல் கூடாது என்ற பிரிவை நான் இரண்டு முறை படித்தேன். இரண்டு நட்சத்திரங்களுக்குக் கொட்டிக்கொடுத்துவிட்டு மற்றவர்களைத் தரையில் வைக்கும் வழியை அது அடைக்கிறது. மேசையில் உட்கார்ந்தவர்கள் நட்சத்திரங்கள்தான், ஹிலரி நைட், கெண்டல் காயின் ஸ்கோஃபீல்ட் போன்றவர்கள். அந்தப் பிரிவால் தனிப்பட்ட முறையில் இழக்கக்கூடியவர்களும் அவர்களே. பேச்சுவார்த்தையின் கடைசிக் கட்டத்தில் காயின் நிறைமாதக் கர்ப்பிணி, அந்த வாரத்தில்தான் குழந்தை பிறந்தது. கர்ப்பகாலப் பயன் பற்றிய பிரிவு யாருடைய அனுபவத்திலிருந்து எழுதப்பட்டது என்று தேட வேண்டியதில்லை.

அதே ஆண்டு ஆண்கள் லீகில் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 டாலர். ஒரு பெண்கள் அணியில் 23 பேர், சராசரி 55,000 என்றால் மொத்தம் 12,65,000. ஆண்கள் அணியின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரின் சம்பளம் அதைவிட அதிகம்.

2024 ஜனவரி 1 அன்று டொராண்டோவில் முதல் ஆட்டம். ஏப்ரலில் மாண்ட்ரியலின் பெல் அரங்கில் மாண்ட்ரியலும் டொராண்டோவும் ஆடியதைப் பார்க்க 21,105 பேர் வந்தார்கள். பெண்கள் ஹாக்கியைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்களிடம் இந்த எண்ணை நீட்டலாம்.

ஆனால் அந்த 2023 ஜூன் 29இன் மறுபக்கத்தைச் சொல்லாமல் இதை முடித்தால் நானும் வெற்றிக் கதை எழுதியவளாகிவிடுவேன். விலைக்கு வாங்கப்பட்ட லீகில் ஏழு அணிகள் இருந்தன. அவற்றின் வீராங்கனைகள் கையில் வரும் பருவத்துக்கான ஒப்பந்தங்கள் இருந்தன. முந்தைய சில ஆண்டுகளில் அந்த லீகும் சம்பளத்தை உயர்த்தியிருந்தது. டேரில் வாட்ஸ் என்ற வீராங்கனை 1,50,000 டாலருக்குக் கையெழுத்திட்டிருந்தார், அன்றைக்கு அது பெரிய செய்தி. விற்பனையோடு அந்த ஒப்பந்தங்கள் எல்லாம் செல்லாதவையாயின. இழப்பீடாக ஒரு தொகையும் காப்பீட்டுக்குக் கொஞ்ச காலமும் கிடைத்தன. பலருக்குச் செய்தி தெரிந்தது அன்று மாலை அவசரமாகக் கூட்டப்பட்ட காணொலிக் கூட்டத்தில். புதிய கூட்டு ஒப்பந்தத்துக்கு அவர்கள் வாக்களிக்கவில்லை, வாக்களித்தவர்கள் மறுத்து நின்ற சங்கத்தினர். புதிய லீகில் ஆறே அணிகள், 138 இடங்கள். இரு தரப்பும் அந்த இடங்களுக்கு மோத வேண்டியிருந்தது.

அந்தப் பெண்கள் செய்த தவறு என்ன? வேலை கொடுத்த இடத்தில் வேலை செய்தார்கள், சம்பளத்தைத் தங்கள் வழியில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். மறுத்தவர்கள் சொல்வது: நாங்கள் மறுக்காவிட்டால் அந்த உயர்வும் வந்திருக்காது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின் முதல் நாளில், இன்னொரு கூட்டம் பெண்களின் கையெழுத்துக்கு மதிப்பு இல்லாமல் போனது. சங்கத்துக்கு வெளியே நின்றவர்களுக்காக யார் பேச வேண்டியிருந்தது என்று ஹாக்கி ஆடிய பெண்களிடையே இன்றும் கசப்போடு பேசிக்கொள்கிறார்கள். 2031 ஜூலை 31 அன்று இந்த ஒப்பந்தம் காலாவதியாகும். அடுத்த மேசையில் உட்காரப் போகிறவர்களில் சிலர், அந்த மாலையில் கணினித் திரைக்கு முன் உட்கார்ந்து தன் ஒப்பந்தம் செல்லாது என்று கேட்டவர்களாகவும் இருப்பார்கள்.